வெள்ளை நூல் கட்டிய பூக்கள்

பிப்ரவரி 9

சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. அடியில் வாளியை வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன். வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். அவருக்குத் தையல் இயந்திரத்தைத் தவிர வேறெதையும் பழுது பார்க்கத் தெரியாது. ஆனாலும் ஒரு நம்பிக்கைதான்.

நான் வேலை பார்க்கும் தாவரவியல் தோட்டத்தில் சிவப்புக் கொம்புச் செடி பூக்கத் தொடங்கிவிட்டது. கொம்பு மாதிரி வளைந்த குழல். தேன்சிட்டின் அலகுக்கு அளவெடுத்துத் தைத்த உறை போல இருக்கும். தையல்காரன் பெண்டாட்டிக்கு வேறு உவமை எங்கிருந்து வரும்?

இந்தச் செடி வளர்ந்த மலைச்சரிவைக் கல்குவாரி விழுங்கிவிட்டது. உலகத்தில் மிச்சம் எங்கள் தோட்டத்தில் இருக்கும் இரண்டு வரிசைதான். மேல் வரிசை, கீழ் வரிசை. எல்லாமே கிழட்டுச் செடிகள். கிளையை வெட்டி நட்டால் அழுகிவிடுகிறது. விதை ஒன்றுதான் வழி. போன வருடம் நானே தூரிகையால் மகரந்தத்தைத் தொட்டுத் தொட்டு வைத்தேன். காய் என்னவோ வந்தது. உள்ளே எல்லாம் சப்பை. எந்தப் பூவை எப்போது தொட வேண்டும் என்கிற சூட்சுமம் தேன்சிட்டுக்குத்தான் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

இந்த வருடமும் விதை கிடைக்காவிட்டால் அடுத்த பூக்காலம் வரை எத்தனை செடி நிற்குமோ, சொல்ல முடியாது.

கிடைக்கும். நான் எடுப்பேன்.

பிப்ரவரி 13

புழு வந்துவிட்டது. பச்சை நிறம், நகத்தின் நீளம். மொட்டு விரிவதற்குள் உள்ளே புகுந்து இதழைச் சல்லடையாக்கிவிடுகிறது. கீழ் வரிசையில் முழுப் பூவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

போன வருடம் தேன்சிட்டு ஏன் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை என்பது இப்போது விளங்குகிறது. கிழிந்த பூவில் தேன் எங்கே நிற்கும்? இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். புழுவை எடுத்தால் பூ முழுசாக இருக்கும், பூ முழுசாக இருந்தால் பறவை வரும், பறவை வந்தால் விதை. அவருக்கு மூன்று வரிக்கு மேல் கேட்கப் பொறுமை கிடையாது. அதனால்தான் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகிறது.

சரி, நிரூபித்துக் காட்டுங்கள், அப்புறம் இரண்டு வரிசைக்கும் மருந்து அடித்துவிடலாம் என்றார்.

பிப்ரவரி 15

ஏற்பாடு இதுதான். மேல் வரிசையில் தினமும் காலையில் புழுவைக் கையால் பொறுக்கிவிடுவது. கீழ் வரிசையைப் புழுவின் பாட்டுக்கு விட்டுவிடுவது. முழுப் பூவின் காம்பில் வெள்ளை நூல், கடிபட்ட பூவின் காம்பில் நீல நூல். பச்சைத் துணி மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, நூல் கட்டிய கொத்துக்குப் பறவை வந்தால் ஒரு வருகை என்று குறிப்பது.

நூல் வீட்டுக் கடையிலிருந்துதான். வீட்டுக்காரர் இரண்டு கண்டுகளைக் கொடுத்துவிட்டு, "அப்படியே பூவுக்கு அளவும் எடுத்துட்டு வா, பொத்தான் வெச்சுத் தைச்சுத் தரேன்" என்றார். அவருடைய நகைச்சுவை அவருக்கே சிரிப்பு வரவழைக்கும் வகை.

பறவைப் பிரிவிலிருந்து ஒருத்தியை எனக்குத் துணையாகப் போட்டிருக்கிறார்கள். இரண்டு பிள்ளை பெற்றவள், வேலைக்கு வந்து பத்து வருடம் இருக்கும். கழுத்திலிருந்து தொலைநோக்கி இறங்கி நான் பார்த்ததில்லை. சாப்பிடும்போதுகூட அது தட்டில் இடிக்கிறது. தோட்டமே அவளைத் தொலைநோக்கி என்றுதான் கூப்பிடுகிறது. அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.

பிப்ரவரி 19

முதுகு வலி. புழு பொறுக்குவது சும்மா இல்லை.

பிப்ரவரி 25

வந்துவிட்டது! மேல் வரிசைக்குத் தேன்சிட்டு மாறி மாறி வருகிறது. வெள்ளை நூல் கட்டிய கொத்துகளில்தான் கூட்டம். கீழ் வரிசையில் நீல நூல் பக்கம் எட்டிப் பார்ப்பதோடு சரி. குறிக்கக் குறிக்கக் கை ஓயவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

தொலைநோக்கி மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள். வருவதெல்லாம் பெட்டை, ஆண் ஒன்றுகூட இல்லையே என்றாள். பெட்டைக்குப் பசிக்காதா என்று கேட்டேன். மறுபடி ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, அது தேன் குடிக்கிற மாதிரி எனக்குத் தெரியல. தலை பூவுக்குள்ள போகவே இல்ல."

பறவை கொத்தில் உட்கார்ந்தால் வருகை. விதி எழுதியது எழுதியதுதான். வசதிக்கு மாற்றிக்கொண்டு போனால் அதற்குப் பெயர் ஆராய்ச்சியா? இப்படிச் சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டேன்.

மார்ச் 3

இயக்குநருக்கு அறிக்கை கொடுத்தாயிற்று. நான்கு பக்கம், அதில் இரண்டு வரைபடம். புழு எடுத்த வரிசைக்குப் பறவை வருகை பல மடங்கு. முடிவு: இரண்டு வரிசைக்கும் பூச்சிமருந்து அடிப்பது நல்லது. அவர் வரைபடத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கைகுலுக்கினார். மருந்தடிக்கும் ஆட்களுக்குச் சொல்லி அனுப்புகிறாராம். அவர்கள் கையில் வேலை நிறைய இருப்பதால் மாதக் கடைசியில்தான் வருவார்களாம்.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு நானே ஒரு செருப்பு வாங்கிக்கொண்டேன். பழையது தோட்டத்து மண்ணைச் சுமந்தே தேய்ந்துவிட்டது.

மார்ச் 8

மேல் வரிசையில் பூ உதிர்கிறது. காய் பிடித்த அடையாளமே இல்லை. பிடித்திருந்தால் இந்நேரம் காம்பு தடித்திருக்க வேண்டும்.

கீழ் வரிசையிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குப் புழு என்று காரணம் இருக்கிறது. மேல் வரிசைக்கு என்ன கேடு? அத்தனை பறவை வந்ததே.

இன்னொரு தலைவலி: நூலைக் காணோம். வெள்ளை மட்டும். நேற்று கட்டியது இன்று இல்லை. தண்ணீர் விடுகிறவர்கள் குழாயை இழுக்கும்போது பிய்ந்துவிட்டதோ என்று பார்த்தால், நீலம் எல்லாம் கட்டியது கட்டியபடி இருக்கிறது. ஒரு நிமிடம் தொலைநோக்கிமேல் சந்தேகம் வந்தது. என் முடிவு பிடிக்காமல் அவிழ்த்துவிடுகிறாளோ? கேட்கவில்லை. கேட்கவில்லை என்றாலும் நினைத்தேன். காலையில் டீ குடிக்கக் கூப்பிட்டாள், வேலை இருக்கிறது என்று போகவில்லை.

மார்ச் 10

கண்டுபிடித்தாயிற்று. கையும் களவுமாக.

வீட்டுக்காரர் கடைக்குத் துணி வாங்கப் போகிற வழியில் புது நூல் கண்டு கொடுக்க வந்தார். உரச் சாக்கு வைக்கும் கொட்டகைக்குள் நின்று பேசிக்கொண்டிருந்தோம். அவர் பேச்சை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். பழைய மின்கம்பி ஒன்று தொங்குகிறது, அதன் நுனியில் கைப்பிடி அளவுக்கு ஒரு கூடு. சருகு, சிலந்தி வலை, பஞ்சு. சுற்றிலும் வரிந்து கட்டியிருப்பது வெள்ளை நூல். எல்லாம் என்னுடைய வெள்ளை நூல். வாசலில் மஞ்சள் வயிற்றோடு பெட்டைத் தேன்சிட்டு எங்களையே முறைத்துக்கொண்டிருந்தது.

"நூல் நம்மது. தையல் நம்மது இல்ல" என்றார் அவர். "ஆனா குறை சொல்ல முடியாது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கேயே ஒரு உரச் சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டேன். வெள்ளை, பருத்தி, இழுத்தால் பஞ்சாகப் பிரியும். நீலம், நைலான் கலந்தது, பறவைக்கு வழுக்கும். வாங்கி வந்தது நான்தான், இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது பூவுக்கு வரவே இல்லை. காம்பில் இருந்த நூலை உருவ வந்தது. அது வந்து வந்து கூடு கட்டியதை நான் வருகை வருகை என்று குறித்து, அதற்கு வரைபடமும் போட்டு, கையும் குலுக்கிக்கொண்டேன்.

இந்தக் கிறுக்குத்தனத்தை வேறு எந்தத் தொழில்காரனாலும் செய்திருக்க முடியாது. பூவுக்கு அடையாளம் கட்டுகிறவளால்தான் முடியும்.

நேராக மறைப்புக்குப் போனேன். நீ சொன்னது சரி, அது குடிக்கவில்லை என்று தொலைநோக்கியிடம் சொன்னேன். நூல் விஷயத்தில் உன்னைச் சந்தேகப்பட்டேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டேன், மனசுக்குள் வைத்துக்கொண்டு புழுங்க என்னால் ஆகாது. அவள் குறிப்பேட்டை மூடி வைத்தாள். பிறகு கூட்டைப் பார்க்க வேண்டும் என்றாள். பார்த்துவிட்டு வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. உள்ளே முட்டை இருக்கும் என்கிறாள்.

மார்ச் 11

விதியை மாற்றினேன். அலகு பூவுக்குள் போனால்தான் வருகை. நூலுக்குப் பதில் காம்பில் நகப்பூச்சு ஒரு பொட்டு. முழுப் பூவுக்கு வெள்ளை, கடிபட்டதற்கு நீலம். நகப்பூச்சைக் கடைக்காரரிடம் கேட்டபோது என் மண் படிந்த நகத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

புழு பொறுக்குவது தொடர்கிறது. புழு கெட்டதுதான், அதில் மாற்றம் இல்லை. தப்பு நூலில்தான்.

மார்ச் 19

குஞ்சு பொரித்துவிட்டது. கூட்டு வாசலில் இரண்டு வாய் தெரிகிறது. வேறெதுவும் தெரியவில்லை, வாய் மட்டும்தான்.

மார்ச் 20

இதை நிதானமாக எழுத வேண்டும்.

தேன்சிட்டு தேன் குடிக்கும். குஞ்சுக்குத் தேன் கொடுத்தால் சதை பிடிக்காது, புழு வேண்டும். இதைத் தொலைநோக்கி எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். படித்ததற்கும் என் செடிக்கும் முடிச்சுப் போடத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இன்று காலை முழுக்கப் பார்த்தோம். ஆண் பெண் இரண்டும் போவது எங்கே? கீழ் வரிசைக்கு. போய் உட்காருவது எதில்? நீலப் பொட்டில். ஓட்டை விழுந்த பூ என்றால் உள்ளே புழு உண்டு என்று அவற்றுக்குத் தெரிகிறது. தலையைக் குழலுக்குள் விட்டு, புழுவை இழுத்து, தலை நிறைய மஞ்சள் மகரந்தத்தோடு வெளியே வந்து, அடுத்த ஓட்டைப் பூவுக்குள் மறுபடி தலையை விடுகிறது. அலுப்பு தோன்றினால் நடுவில் முழுப் பூவில் ஒரு வாய் தேன்.

என் சுத்தமான மேல் வரிசைக்கு மேலே பறந்து போகிறது. இறங்கவில்லை. அங்கே குஞ்சுக்குக் கொடுக்க என்ன இருக்கிறது?

ஒன்றில் மட்டும் நான் சொன்னது சரி. பூவின் கழுத்தைப் புழு கடித்துவிட்டால் தேன் ஒழுகிப் போகிறது, பறவையும் அதைத் தொடுவதில்லை, பூ காய்ந்து விழுகிறது. அப்படிப் போன பூக்களும் நிறைய. புழு சாதுவான பிராணி என்று யாரும் இனி என்னிடம் வந்து சொல்ல வேண்டாம். ஆனால் இதழ் ஓரத்தைக் கடித்த பூ வீண் இல்லை. அதுதான் பறவையைக் கூப்பிடுகிறது. போன வருடம் பக்கத்தில் கூடும் இல்லை, குஞ்சும் இல்லை, அதனால்தான் பறவை வரவில்லை.

மருந்து அடிக்க ஆட்கள் வெள்ளிக்கிழமை வருகிறார்கள். வரச் சொன்னது என் அறிக்கை.

மார்ச் 21

கொட்டகைக்குப் போய்க் கூட்டைப் பார்த்தேன். இரண்டு வாயும் என்னைப் பார்த்துத் திறந்தது. என்கிட்ட என்ன இருக்கு? புழுவையெல்லாம் பொறுக்கிப் பொறுக்கிச் சோப்புத் தண்ணியில போட்டவ நான்.

மருந்து அடிச்சா இதுங்க செத்துடும். தாய் தகப்பன் வேற இடம் போயிடும். அப்புறம் பூ முழுசா நின்னு என்ன பண்ண? யாருக்குக் காட்ட?

மார்ச் 22

இயக்குநர் அறை. குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது, மேசையில் என் அறிக்கை. வரைபடம் இருந்த பக்கத்தைச் சட்டம் போட எடுத்து வைத்திருக்கிறார் போல.

மருந்து வேண்டாம் என்றேன். நூல், கூடு, குஞ்சு எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று வரிக்கு மேல் போனது, அவரும் கேட்டார். மருந்து வந்து இறங்கியாயிற்று, மேலிடத்துக்கும் எழுதியாயிற்று, இப்போது பறவை நூல் திருடியது என்று நான் எப்படிச் சொல்வது என்று நெற்றியைத் தடவிக்கொண்டார். நியாயமான கேள்விதான்.

"அன்னைக்கு அவ்வளவு நிச்சயமா சொன்னீங்களேம்மா."

"இன்னைக்கும் நிச்சயமாத்தான் சார் சொல்றேன்."

அவர் என்னையே பார்த்தார். "இந்தத் தடவையும் விதை வரலேன்னா?"

"என்னாலதான் வரலேன்னு எழுதுங்க. என் கையெழுத்தும் போட்டுத் தரேன். ஆனா வெள்ளிக்கிழமை யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாது."

வெளியே வந்தேன். தாழ்வாரச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். துப்புரவுப் பெண் ஒருத்தி, சர்க்கரை குறைந்துவிட்டதா என்று கேட்டாள். இல்லை, அதிகம் பேசிவிட்டேன் என்றேன்.

மார்ச் 23

மேல் வரிசையிலும் பொறுக்குவதை நிறுத்திவிட்டேன். கழுத்தைக் கடிக்கிற புழு கண்ணில் பட்டால் மட்டும் எடுக்கிறேன். எடுத்ததை இப்போதெல்லாம் சோப்புத் தண்ணீரில் போடுவதில்லை. கொட்டகை வாசலில் ஒரு பழைய தட்டில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன். தட்டு காலியாகிவிடுகிறது.

மார்ச் 28

வெள்ளிக்கிழமை மருந்தடிக்க யாரும் வரவில்லை, இயக்குநர் தடுத்துவிட்டார். மேல் வரிசையும் சல்லடை. நேற்று விரிந்த பூக்கள் இன்று கந்தல். எல்லாம் என் கண்ணெதிரே. கை பரபரக்கிறது.

இது சரிதானா? கிழட்டுச் செடி, கடைசிப் பூக்காலம், அதையும் தின்னக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேனா? — இல்லை. பறவை இறங்குகிறது. பார்த்தேன். நான் பார்த்ததை நானே நம்பாவிட்டால் வேறு யார் நம்புவார்கள்?

இரவுச் சாப்பாட்டில் பாதியைத் தட்டிலேயே விட்டுவிட்டேன். "இங்க புழு வேலையையும் நான்தான் பார்க்கணும் போல" என்று வீட்டுக்காரர் என் தட்டைப் பார்த்தார். பிறகு மிச்சத்தை அவரே சாப்பிட்டார்.

ஏப்ரல் 3

குஞ்சுகள் பறந்துவிட்டன. நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்று நேராகப் போனது. இன்னொன்று தொலைநோக்கியின் தோளில் வந்து விழுந்து, அவள் காதோரம் கத்திவிட்டுப் போனது. வாழ்நாள் முழுக்கப் பறவையைத் தூரத்திலிருந்தே பார்த்தவள். அழுதுவிட்டாள். நானும்தான்.

ஏப்ரல் 16

காம்பு தடிக்கிறது. கீழ் வரிசையில் நிறைய. மேல் வரிசையில் பிந்தி விரிந்த பூக்களில் மட்டும். காய்க்கு அடியில் நீலப் பொட்டு, வெள்ளைப் பொட்டு, இரண்டும் உண்டு.

காய் போன வருடமும் வந்தது. அதனால் இயக்குநரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

மே 6

மழை. காய் உதிரவில்லை.

ஜூன் 11

காய் வெடிக்கும் பருவம். பறித்து வந்து வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் செய்தித்தாள் விரித்து உடைத்தேன். தோட்டத்தில் உடைத்திருக்கலாம். எல்லோர் எதிரிலும் உடைக்க மனம் வரவில்லை. எனக்கும் பயம் உண்டு, யாருக்கும் தெரியாது.

விதை கறுப்பாக, மிளகைவிடச் சிறிதாக இருந்தது. சப்பையா, கெட்டியா என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் பிடித்து வந்து போட்டேன். சப்பை என்றால் மிதக்கும்.

வீட்டுக்காரர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் தம்ளரையே பார்த்தோம். ஒரு சில மேலேயே நின்றன. மற்றதெல்லாம் மெதுவாக இறங்கி அடியில் போய்ப் படிந்தது.

"முங்கினா நல்லதா, கெட்டதா?" என்று கேட்டார் அவர்.

தலையை மட்டும் ஆட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. இன்னொரு தம்ளர் தண்ணீர் எடுத்து வர எழுந்து போனார்.

ஜூன் 12

இயக்குநருக்குப் புது அறிக்கை. பழையதை அவர் மேசையிலிருந்து நானே எடுத்து வந்துவிட்டேன். அடுத்த வருடமும் மருந்து கிடையாது என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன். எழுதியவர்கள் என்ற இடத்தில் என் பெயருக்கு முன்னால் தொலைநோக்கியின் பெயர். அவள் வேண்டாம் அக்கா என்றாள். நான் கேட்கிற ஆளா?

ஜூலை 20

முளைத்துவிட்டது.

கடிபட்ட பூவின் விதை ஒரு தட்டு, படாத பூவின் விதை ஒரு தட்டு. தனித்தனியாகத்தான் விதைத்தேன். காலையில் இயக்குநர் வந்தார். குனிந்து பார்த்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். எது புழு தின்ற பூவுடையது என்று கேட்டார். தட்டின் ஓரத்தில் குத்தியிருந்த சீட்டைப் படித்துத்தான் நான் சொல்ல வேண்டியிருந்தது.